மரண அறிவித்தலுக்குப் போன பாட்டு

லண்டனுக்குப் போன நமசிவாயம் வீட்டுக்கு அனுப்பிய முதல் கசற் ஒரு முறைப்பாடாகத்தான் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் இருந்த அறையும் வேலையும் எரிந்துபோக, அடுத்த வருடமே அவன் விமானம் ஏறியிருந்தான். கடிதம் எழுதப் பஞ்சிப்பட்ட பிள்ளைகள் அந்தக் காலத்தில் கசற்றில் கதைத்து, வருகிற ஆட்களின் கையில் கொடுத்துவிடுவார்கள். கொக்குவில் வீட்டு விறாந்தையில் தாய் குணலட்சுமியும் மகள் கமலாவதியும் றேடியோப் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள்.

குளிரையும் பெற்றோல் நிலையத்து வேலையையும் சொல்லிக்கொண்டு வந்தவன், கீழ்வீட்டில் ஒரு தாடிக்காரன் இருக்கிறான் என்றான். ஜமேய்க்காக்காரன். ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்ப் பெட்டிகள் வைத்திருக்கிறான். வேலையால் வந்து கண்ணயர விடுகிறானில்லை.

"இந்தச் சத்தத்தைக் கேளெணை அம்மா. இதுக்கு மேலைதான் நான் படுக்கிறன்," என்று சொல்லி, தான் கதைக்கிற பதிவுப் பெட்டியை நிலத்தோடு வைத்தான்.

பலகைக்குக் கீழிருந்து ஒரு தடித்த தந்தியின் அடி வந்தது. மெதுவாக, அவசரமே இல்லாமல். அதற்கு மேலே ஒரு மேளம் ஒருதரம் தட்டி, அந்தத் தட்டு தூரத்துக்கு ஓடி ஓடி அடங்கியது. குணலட்சுமி சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். தன்னுடைய பிள்ளையின் நித்திரையைக் கெடுக்கிற அந்தச் சனியனை அன்றைக்கே அவள் வெறுத்துவிட்டாள். கமலாவதி கசற்றைப் பின்னுக்குச் சுற்றி, தம்பியின் பேச்சு முடிகிற இடத்திலிருந்து திரும்பவும் போட்டாள். பிறகும் போட்டாள். தாய் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள்.

கமலாவதிக்கு அப்போது முப்பது ஆகவில்லை. யாழ்ப்பாணத்துத் தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துவிடுகிற வேலை. நாள் முழுக்கக் காதில் கவசம் மாட்டியிருக்கிறவளுக்கு ஊரார் கேட்காத சத்தங்கள் பழக்கம். கொழும்பு வழியில் கதைத்தால் தன் குரலே ஒரு கணம் பிந்தித் தன்னிடம் திரும்பி வரும். இரண்டு பக்கத்தாரும் வைத்த பிறகு, வழியைத் துண்டிக்குமுன் ஒரு மெல்லிய இரைச்சல் நிற்கும். அதை அவள் விரும்பிக் கேட்டிருக்கிறாள். யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் விசர் என்பார்கள். இப்போது, உலகத்தின் இன்னொரு மூலையில் யாரோ அதை வேண்டுமென்றே செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

அந்தப் பாட்டு இன்னும் வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியபோது நமசிவாயம் அதை நக்கல் என்று எடுத்துக்கொண்டான். அடுத்த கசற்றில், "உனக்கு விசரே அக்கா, நான் சாகிறன் எண்டு சொல்லுறன், நீ பாட்டுக் கேக்கிறாய்," என்று கத்தினான். என்றாலும் தமக்கை கேட்டதைக் கீழே போய்ச் சொல்லியிருக்கிறான். தாடிக்காரன் தானே மாடியேறி வந்து கசற்றுகளைக் கொடுத்ததாகவும், யாழ்ப்பாணம் எங்கே கிடக்கிறது என்று கேட்டதாகவும், தான் ஒரு தேயிலைப் பெட்டியைக் காட்டி விளங்கப்படுத்தியதாகவும் கோபம் குறையாமலே சொன்னான். ஒரு கசற்றின் தொடக்கத்தில் தாடிக்காரனின் குரலும் இருந்தது. கரகரத்த ஆங்கிலத்தில், தங்கச்சி, அடிச்சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேள் என்றது.

கமலாவதி கூட்டிவைத்துத்தான் கேட்டாள். ஒரு பாட்டு நடந்துகொண்டிருக்கும். நடக்கும்போதே, பாட்டைப் பதிந்து கலக்குகிறவன் பாடுகிறவனை வெளியே எடுத்துவிடுவான். அவனுடைய கடைசிச் சொல் மட்டும் கிணற்றுச் சுவரில் இடிபட்டுப் போகிற வாளி மாதிரிக் கீழே கீழே போகும். பிறகு கிற்றாரையும் எடுப்பான். மேளத்தையும் எடுப்பான். அடியில் தந்தி மட்டும் நடக்கும். எடுத்ததெல்லாம் எங்கேயோ இருக்கிறது, வரும் என்று காது காவல் இருக்கும். வரும்போது அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோகும். பின்னாளில் தாடிக்காரன் மேளமே இல்லாத கசற்றுகளும் அனுப்பினான். மின்சார வாத்தியத்தில் ஒரே நாதம் தொடக்கமும் முடிவும் தெரியாமல் விரிந்துகொண்டு போகும், அதற்குள் இன்னொன்று கலக்கும். உறைகளில் இருந்த கிறுக்கல் எழுத்து அவளுக்கு விளங்கவில்லை. அதனால் தானே பெயர் வைத்தாள். ஒன்று வாளி. ஒன்று மாரி. எல்லாவற்றிலும் மேலாக அவள் கொண்டாடியது, கடலேரி மாதிரி அசையாமல் கிடந்து மின்னுகிற ஒன்று. அதற்குப் பரவை என்று பெயர்.

வீட்டிலும் ஒழுங்கையிலும் அவளுக்குத் துணை இல்லை. இதிலை பாட்டெங்கை, மெசினல்லோ இரையுது என்றார்கள். இரண்டு சம்பந்தம் வந்து குழம்பியது. குழம்பியது சாதகத்தால். ஊர் அதையும் பாட்டின் தலையில் கட்டியது. கமலாவதி கோபக்காரி. கத்த மாட்டாள். வேலையில் பழகிய அந்த ஏறாத குரலில் ஒரு வசனம் சொல்லுவாள். பிறகு வழியைத் துண்டித்த மாதிரி அந்த ஆளோடு கதையே இராது. கோயில் திருவிழாக்களில் நாலு திக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி அலறவிடுகிறவர்கள் தன்னைப் பார்த்துச் சத்தம் என்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தாறில் பெட்டி பரவைக் கசற்றைத் தின்றுவிட்டது. நாடா சுருண்டு அறுந்துபோயிற்று. தட்டாதெருச் சந்திக்குக் கிட்ட, கசற் பதிந்து கொடுக்கிற றெக்கோடிங் பார் வைத்திருந்த சந்தியோகுவிடம் கொண்டுபோனாள். குருநகர் ஆள், அவளைவிடப் பத்து வயது மூப்பு. அண்ணை, கவனமாய் ஒட்டித் தாங்கோ என்றாள். அவர் ஒட்டி, ஓடவிட்டுப் பார்த்து, முழுவதையும் கேட்டுவிட்டுத்தான் தந்தார். நல்ல சாமான் தங்கச்சி என்றார். இந்தக் குடாநாட்டில் ஒரு ஆளாவது அப்படிச் சொன்னதே என்று அவள் சந்தோசமாகத்தான் திரும்பினாள்.

சில கிழமைக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தூரத்தில் பரவை கேட்டது. தன் காதுக்குள் கேட்கிறதோ என்று முதலில் நினைத்தாள். இல்லை, வீதிப் பக்கமிருந்து வருகிறது, கிட்டவாக வருகிறது. யாரோ வைத்திருக்கிறார்கள். யாரோ கேட்கிறார்கள். சவர்க்காரக் கையோடு படலைக்கு ஓடினாள். கூரையில் குழாய் கட்டிய பழைய ஒஸ்ரின் கார் ஒன்று ஊர்ந்து வந்தது. அந்த நாதம் விரிந்துகொண்டிருக்கையில், அதன் மேலே ஒரு ஆண் குரல் ஏறியது.

"மரண அறிவித்தல். கொக்குவில் கிழக்கைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட இளைப்பாறிய தபாலதிபர்..."

கார் அவளைக் கடந்து போயிற்று. அவள் அந்த இடத்திலேயே நின்றாள். முழங்கையில் நுரை காய்ந்தது.

உடுப்பை வாளியிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்துச் சந்திக்குப் போனாள். அறிவித்தல் கார் அவருடையதுதான். சந்தியோகு ஒளிக்கவில்லை. ஒட்டும்போது ஒரு பிரதி எடுத்ததாகச் சொன்னார். பிழையாக எதுவும் செய்துவிட்டதாக அவருக்குத் தோன்றவுமில்லை. இதுவரை மரண அறிவித்தலுக்குப் பின்னால் எதைப் போடுவது என்பது பெரிய தலையிடியாய் இருந்தது, நாதஸ்வரம் போட்டால் வேதக்காரருக்குச் சரிவராது, தேவாலயப் பாட்டுப் போட்டால் சைவக்காரருக்குச் சரிவராது, சினிமாப் பாட்டு மரியாதையில்லை என்று ஆறுதலாய் விளக்கினார்.

"உது ஆற்றையும் இல்லைத் தங்கச்சி. சொல்லு ஒண்டும் கிடையாது. பாட்டெண்டால் சனம் பாட்டைக் கேக்கும். உது ஒதுங்கி இடம் விடுது. பேர் தெளிவாய் விழுது."

அவர் சொன்னதில் பிழையில்லை. பிழையில்லை என்பதுதான் அவளை எரித்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டு என்ன செய்கிறது என்று விளங்கிக்கொண்ட ஒரே ஆள், விளங்கிக்கொண்டதால்தான் களவெடுத்திருக்கிறார். அண்ணை என்ற சொல் போயிற்று. மரியாதையான நீங்கள் என்பது நீர் என்று இறங்கிற்று.

"ஆற்றையும் இல்லையெண்டு உமக்கு ஆர் சொன்னது? அது என்ரை. பிரதியைத் தாரும்."

சந்தியோகு தரவில்லை. வாடிக்கையாளர்களுக்குப் பிடித்துவிட்டது, தவணைக்குத் தவணை மாற்ற முடியாது என்றார். அதோடு கமலாவதி அந்த வழியைத் துண்டித்தாள்.

துண்டித்து என்ன? கார் ஓடியது. அந்த வருடங்களில் அதற்கு ஓய்வு இருந்ததா? முதலில் கிழமைக்கு ஒருதரம், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். கிழடுகள் போக, எறிகணைச் செல்லில் போனவர்கள், சுடுபட்டுப் போனவர்கள், பத்தொன்பது வயது, இருபத்தொரு வயது. எல்லாருக்கும் பரவைதான். ஊருக்கு அது மரணத்தின் சத்தமாகிவிட்டது. வீட்டில் அவள் கசற்றைப் போட்டால் ஒழுங்கையால் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்தி, ஆர் மோசம், எந்த வளவிலை செத்தவீடு என்று கேட்டார்கள். அடுத்த வளவுச் செல்வநாயகி வேலிக்கு மேலால் வந்து, எங்கடை ஐயா வருத்தமாய்ப் படுக்கையிலை கிடக்கிறார், உது கேட்டால் தன்னைத்தான் அறிவிக்கிறாங்கள் எண்டு பயப்பிடுறார், கொஞ்சம் நிப்பாட்டுங்கோ அக்கா என்று கெஞ்சினாள். கமலாவதி நிற்பாட்டினாள். நிற்பாட்டிவிட்டுக் குசினிக்குள் போய் ஒரு சட்டியை நிலத்தில் அடித்து உடைத்தாள்.

"எனக்கு முதலே தெரியும், உது செத்தவீட்டுச் சத்தமெண்டு," என்றாள் குணலட்சுமி, ஓட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு.

மாரி, வாளி எல்லாம் கேட்கலாம்தான். ஆனால் ஒன்றுக்குப் பிடித்த தீட்டு மற்றவற்றுக்கும் பரவியது. எதைப் போட்டாலும் அவளுடைய காதே, இப்போது ஒரு குரல் ஏறும், பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் என்று தொடங்கும் என்று காத்திருக்கப் பழகிவிட்டது. அந்தக் கொடுமையைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

எண்பத்தெட்டில் ஒருநாள் வேலையால் வந்துகொண்டிருந்தபோது, கொக்குவில் சந்தியில் அந்தக் கார் பாடிக்கொண்டு நின்றது. சாரதி தேத்தண்ணீர் குடிக்க இறங்கியிருந்தான். கமலாவதி சைக்கிளை மதிலில் சாத்தினாள். கார்க் கதவுப் படியில் கால் வைத்து ஏறி, குழாய்க்குப் போன வயரைக் கையில் சுற்றி இழுத்தாள். வயர் மட்டுமல்ல, குழாயின் பின்புறத்து மூடியும் கழன்று உள்ளிருந்த சுருளோடு வந்துவிட்டது. சந்தி அமைதியாயிற்று. தேத்தண்ணீர்க் கடையில் இருந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். அவள் சுருளைக் காரின் முன்மூடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு அவள் நன்றாகச் சாப்பிட்டாள்.

அன்றைக்கு அறிவிக்கப்பட்டவர் மார்க்கண்டு என்பவர். தங்கை அருமைநாயகி மானிப்பாயில் இருந்தாள். வீதியெல்லாம் இந்தியப் படையின் காவலரண்கள். சைக்கிளில் செய்தி சொல்லப் போன ஆளைப் பாதியில் மறித்துத் திருப்பிவிட்டார்கள். காருக்குப் போக்குவரத்து அனுமதி இருந்தது. கார் எப்படியும் மானிப்பாய்க்குப் போய்ச் சொல்லும் என்று செத்தவீட்டார் நம்பியிருந்தார்கள். ஊமையான கார் சந்தியிலிருந்து திரும்பிவிட்டது. அருமைநாயகிக்குச் செய்தி போனபோது தமையன் எரிந்து சாம்பலாகியிருந்தார்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு கழிந்த பிறகு அவள் கமலாவதியின் படலைக்கு வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த ஆள், வெள்ளைச் சீலை. உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை.

"பிள்ளை, நான் சண்டைக்கு வரேல்லை. அண்ணையின்ரை முகத்தை நான் பாக்கேல்லை. உந்த வயரை ஏன் பிடுங்கினனீர் எண்டு மட்டும் சொல்லும்."

 "அது என்ரை பாட்டு," என்றாள் கமலாவதி.

"பாட்டோ?" என்றாள் அருமைநாயகி. அப்படி ஒன்று இருந்ததே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லைப் போலும். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கமலாவதி காரைத் தொடவில்லை. கோபம் போனதென்றில்லை. அது இறங்கி அடியில் போய் இருந்துகொண்டது. மன்னிப்புக் கேட்கப் போகவேண்டும் என்று நினைப்பாள். போகிற வழியில் அந்தக் குழாய்ச் சத்தம் கேட்கும், திரும்பிவிடுவாள். தன்னை இப்படி ஒரு குற்றத்துக்குள் தள்ளிவிட்டது சந்தியோகுதான் என்று அதையும் அவர் கணக்கில் சேர்த்தாள். அது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும்.

தொண்ணூறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் நின்றது. தொலைபேசியும் நின்றது. பற்றறி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், எல்லாவற்றுக்கும் தடை. கமலாவதி கதிரை மேசை இருந்த ஒரு அறைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிட்டு, செத்த கம்பிகளுக்கு முன்னால் இருந்துவிட்டு வந்தாள். எல்லா வீடுகளையும் போல அவளும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து பெட்டிக்குக் கம்பி கொடுத்தாள். மற்றவர்களுக்குச் செய்தி கேட்க அது போதும். அவளுடைய பாட்டுக்குப் போதாது. கை சற்றுத் தளர்ந்தால் நாதம் சரிந்து, குடித்தவன் பாடுவது போல இழுபடும். கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்கவேண்டிய பாட்டுக்கு வேர்க்க வேர்க்கச் சக்கரம் சுற்றவேண்டியிருந்தது. சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் தடை போட்டவர்களைத் திட்டினாள், சண்டை பிடிக்கிற இரண்டு பக்கத்தையும் திட்டினாள், தலைக்கு மேலே வட்டமிட்டு இரைகிற விமானத்தைத் திட்டினாள்.

சந்தியோகுவின் கார் மட்டும் மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடியது. அவருடைய பிரதி ஓடி ஓடித் தேய்ந்து, பரவை இப்போது சேற்றுத் தண்ணீர் மாதிரிக் கேட்டது. செத்தவர்களுக்காவது ஒரு நல்ல பிரதியைப் போடக்கூடாதா இந்த மனிசன் என்று ஒருநாள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டாள்.

தொண்ணூற்று நாலு மாசியில் குணலட்சுமி படுக்கையில் விழுந்தாள். இருக்கிற மருந்தில் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். மகனை நினைத்து ஏங்கியதைவிட அவள் வேறொன்றையும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒன்றைத் தவிர.

"நான் செத்தால் உந்தச் சனியனைப் போட விடாதை. என்ரை பிள்ளையை நித்திரை கொள்ள விடாத சத்தம்."

"ஓம் அம்மா. விடமாட்டன்," என்றாள் கமலாவதி.

ஒரு விடியற்காலை தாய் போனாள். பெரியப்பாவின் மகன் முத்துக்குமாரு அண்ணை பொறுப்பெடுத்துப் பறைக்கும் விறகுக்கும் ஆள் அனுப்பினார். அறிவித்தலுக்குச் சந்தியோகுவிடமும் ஆள் போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் கமலாவதி எழும்பினாள். குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் இருந்தார்கள். சைக்கிளை எடுத்தாள். முத்துக்குமாரு அண்ணை முற்றத்தில் மறித்து, தாய் கிடத்தியிருக்கப் பொம்பிளைப் பிள்ளை எங்கே போகிறாய் என்று கேட்டார். அவரைச் சுற்றிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் கடைக்குள் வருவதைக் கண்ட சந்தியோகு எழும்பி நின்றார். செய்தி கிடைத்தது, மனவருத்தம் என்றார். பாட்டுப் போடக்கூடாது என்றாள் அவள். அவர் நாடியைத் தடவினார். வெறுமையாய்ப் போனால் சனம் காது கொடாது, யாரோ ஏலம் கூறுகிறான் என்று நினைக்கும் என்றார்.

"குடுக்கும். மைக்கைத் தாரும். நான் சொல்லுறன்."

"நீரோ? றெக்கோட் பண்ணவோ?"

"இல்லை. காருக்குள்ளை இருந்து. எங்கடை அம்மாவை நான் அறிவிக்கிறன்."

யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு பெண் போனதை யாரும் கண்டதில்லை. காரின் பின்னாசனத்தில், தலை அவிழ்ந்தபடி, மைக்கை வாயோடு பிடித்துக்கொண்டு கமலாவதி இருந்தாள். கொக்குவில், தாவடி, மானிப்பாய் என்று கார் போனது. அவளுடைய குரல் ஏறவுமில்லை, உடையவுமில்லை. வருடக்கணக்காகப் பிழையான இலக்கம் கேட்டவர்களுக்கும் அவசரம் என்று அழுதவர்களுக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். கொக்குவிலைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட குணலட்சுமி இன்று காலை காலமானார் என்று சொல்லி, எழுதித் தந்த துண்டில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள். "இது மகள் கமலாவதி கதைக்கிறன்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் கோபம் இறுகிப்போய் நின்றது. படலைகள் திறந்தன. காது கொடாத ஆள் இல்லை.

மானிப்பாயில் அருமைநாயகியின் ஒழுங்கை முகப்பில் காரை நிறுத்துவித்து அறிவித்தலை இரண்டு தரம் சொன்னாள். அருமைநாயகி வெளியே வந்து, மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டாள். பின்னேரம் செத்தவீட்டுக்கு வந்து பெண்களோடு இருந்து ஒப்பாரி சொன்னாள். பழைய கதை ஒன்றையும் எடுக்கவில்லை.

ஊர் முழுக்க அறிவித்தவளால் சொந்தத் தம்பிக்கு அறிவிக்க முடியவில்லை. லண்டனுக்கு இணைப்புக் கொடுத்த அதே கைகள் இப்போது ஒரு கசற்றைத் தேடி எடுத்து, அதில் தாய் போன செய்தியைச் சொல்லி, கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தன. அது எப்போது போய்ச் சேரும் என்று கேட்டபோது அந்த மனிதர் கையை விரித்தார். அன்றைக்குத்தான் கமலாவதி வீதியில் நின்று அழுதாள். சோகத்தால் என்று ஆட்கள் நினைத்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு செல்வநாயகியின் தகப்பனார் மோசம் போனார். செல்வநாயகி வேலியால் வந்து நின்றாள். ஐயாவுக்கும் நீங்கள்தான் சொல்லவேணும் அக்கா, நீங்கள் சொன்னால் ஒரு மரியாதையாய்க் கிடக்கும் என்றாள். அந்தக் கிழவரைப் பயப்படுத்திய பாட்டுத் தன்னுடையதுதான் என்பதை நினைத்துக் கமலாவதியால் மறுக்க முடியவில்லை. சந்தியோகுவிடம் போய் நிபந்தனை போட்டாள். இனி எந்தச் செத்தவீட்டுக்கும் பாட்டு இல்லை, பிரதி என் கைக்கு வரவேண்டும். சந்தியோகு மேசை லாச்சியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து நாடாவை இழுத்து உருவி அடுப்பில் போட்டாள். அது கருகி மணத்தது.

அப்படித்தான் அவள் கொக்குவில் பக்கத்து மரண அறிவித்தற்காரி ஆனாள். ஒன்றரை வருடம் போல அந்த வேலை செய்தாள். பரவையை மீட்டுவிட்டோம் என்று நினைத்திருந்தவளுக்கு நடந்தது வேறு. பாட்டுக்கிருந்த பயம் குரலுக்கு மாறிவிட்டது. சங்கக்கடையில் நின்று, சீனி வந்திட்டுதோ என்று கேட்டால் முன்னால் நிற்கிறவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். யாருடைய படலையிலாவது நின்று கூப்பிட்டால் உள்ளே ஒரு பெண் நெஞ்சில் கை வைப்பாள். நான் கதைக்கவும் கூடாதோ என்று அவள் சந்தியோகுவிடம் கேட்டாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசி முடிவில், ஆமி நெருங்கி வர, கொக்குவிலோடு சேர்ந்த வலிகாமம் முழுவதும் ஒரே மழைக்குள் எழும்பி நடந்தது. கமலாவதி சைக்கிளில் ஒரு பையும், பொலித்தீனில் சுற்றிய கசற்றுகளும், பெட்டியும் கட்டிக்கொண்டு சனத்தோடு சனமாக உருட்டினாள். நெரிசலில் யாரோ அவளுடைய குரலை அடையாளம் கண்டு விலகி நின்றார்கள். அதற்கு அவள் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் குரல் ஏறியது.

கொடிகாமத்தில் பராசக்தி என்ற தோட்டக்காரப் பெண் தன் தேங்காய்க் கொட்டிலில் இடம் கொடுத்தாள். சந்தியோகுவின் கார் அந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. அங்கே கமலாவதியின் குரல் வெறும் குரல்தான். ஒரு மழை விட்ட பகலில் அவள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கம்பி கொடுத்துப் பரவையைப் போட்டாள். தேங்காய் உரித்துக்கொண்டிருந்த பராசக்தி கையை நிற்பாட்டினாள். ஆர் மோசம் என்று கேட்கப்போகிறாள் என்று கமலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நல்லாக் கிடக்கு," என்றாள் பராசக்தி. "வெய்யில் நேரத்திலை கிணத்துக்குள்ளை எட்டிப் பாக்கிற மாதிரி." பிறகு கிணறு என்றதும் நினைவு வந்து, வந்திருக்கிற சனம் கிணற்றடியைச் சேறாக்கிப் போட்டுதுகள், மிளகாய்க் கண்டெல்லாம் மிதிபட்டுப் போச்சு என்று சொல்லத் தொடங்கினாள்.

"கதையாமல் கேளுங்கோ அக்கா," என்றாள் கமலாவதி. "இன்னும் முடியேல்லை."

பராசக்தி வாயை மூடிக்கொண்டு உரிமட்டைகளுக்கு நடுவில் இருந்தாள். கமலாவதி பல்லைக் கடித்தபடி மிதிகட்டையைச் சுற்றினாள்.